கேள்வி–பதில்: ரிப்போர்ட்டில் கேஐ-67 என்று போட்டிருக்கிறதே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. ரத்தப் புற்றுநோய் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று எப்படி அளக்கிறார்கள், ரிப்போர்ட்டில் கேஐ-67 என்று வரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியவர்களில் நோயாளிகளின் பிள்ளைகள் உண்டு, லேபில் திசுவுக்கு ஸ்டெயின் (சாயம்) போடுகிறவர்களும் உண்டு. ஆகவே சில பதில்கள் வீட்டுக்கு, சில பதில்கள் லேப் மேசைக்கு. சிகிச்சை முடிவை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்பதற்கு இது உதவும்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. கழுத்தில் நெறி கட்டியிருந்ததை எடுத்துப் பரிசோதித்ததில் மேண்டில் செல் லிம்போமா (ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்) என்று வந்தது. முதல் ரிப்போர்ட்டில் கேஐ-67 20%. அதே பிளாக்கை (மெழுகில் பதித்த திசுவை) இரண்டு வாரம் கழித்து வேறு லேபில் பார்த்தோம், 35% என்கிறார்கள். இரண்டு வாரத்தில் நோய் இவ்வளவு வேகமெடுக்குமா?
— ஒரு மகன், திருநெல்வேலி

பதில்: நோய் வேகமெடுக்கவில்லை. பயாப்சி எடுத்த அன்று ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) விழுந்த செல்கள் அன்றோடு நின்றுவிட்டன. இரண்டு லேபும் பார்த்தது அதே செல்களைத்தான். மாறியது ஸ்டெயினும் எண்ணிய விதமும்.

கேஐ-67 என்பது செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரு புரதம். பிளவுபடும் சுழற்சிக்குள் நுழைந்த செல்லில் இது இருக்கும். சுழற்சியை விட்டு விலகி ஓய்ந்து கிடக்கும் செல்லில் இருக்காது. 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் கெர்டெஸும் உடன் பணியாற்றியவர்களும் ஹாட்ஜ்கின் லிம்போமா செல்களின் உட்கருவை எலிக்குச் செலுத்தி ஆன்டிபாடிகள் (குறிப்பிட்ட பொருளில் மட்டும் ஒட்டும் புரதங்கள்) தயாரித்தபோது அகப்பட்டது. பெயரில் உள்ள 'கேஐ' அந்த ஊரைக் குறிக்கிறது. 67 என்பது ஆன்டிபாடியைத் தந்த குளோனின் எண். அன்று உறையவைத்த திசுவில் மட்டும்தான் வேலை செய்தது. 1990-களின் தொடக்கத்தில் மிப்-1 என்ற ஆன்டிபாடி வந்த பிறகே பாரஃபின் பிளாக்கில் பார்க்க முடிந்தது. இன்றும் பெரும்பாலான லேபுகளில் அந்த மிப்-1தான்.

ஸ்லைடில் பழுப்பாகத் தெரியும் உட்கருக்கள் பாசிட்டிவ், நீலமாக மட்டும் இருப்பவை நெகட்டிவ். நூறு கட்டி செல்லில் எத்தனை பழுப்பு என்பதே அந்த சதவீதம். கேட்க எளிது. ஆனால் மேண்டில் செல் லிம்போமாவில் கட்டி செல்களுக்கு நடுவே பழைய ஜெர்மினல் சென்டரின் (கணுவில் இயல்பான பி செல்கள் பெருகும் இடம்) மிச்சம் இருக்கும். அது இயல்பாகவே அடர்ந்த பழுப்பாக இருக்கும். சுறுசுறுப்பாகப் பிளவுபடும் டி செல்களும் (கட்டியைச் சேராத வெள்ளையணுக்கள்) நடுநடுவே இருக்கும். இவற்றைச் சேர்த்து எண்ணினால் 20 எளிதாக 35 ஆகிவிடும். மிகப் பழுப்பான ஒரே மூலையைத் தேடிப்பிடித்து எண்ணினாலும் அப்படித்தான். ஐரோப்பிய மேண்டில் செல் குழு இதற்கென்றே ஒரு முறை வகுத்தது: கட்டியின் பொதுவான தோற்றம் உள்ள இடங்களில் 500 லிம்போமா செல்களை இருமுறை எண்ண வேண்டும், ஜெர்மினல் சென்டர் மிச்சம், டி செல்கள், திட்டாகக் குவிந்த பழுப்புப் பகுதி ஆகியவற்றை ஒதுக்க வேண்டும்.

எத்தனை செல் எண்ணினார்கள் என்பதும் பெரிய விஷயம். உண்மையான அளவு 30% என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 செல் மட்டும் எண்ணினால், எண்ணிக்கையின் தற்செயலாலேயே 21-இலிருந்து 39 வரை எதுவும் வரலாம். 1000 செல் எண்ணினால் 27-க்கும் 33-க்கும் இடையில் நிற்கும். எண்ணாமல் கண்ணளவில் 'சுமார் 20' என்று எழுதும் பழக்கமும் இருக்கிறது. 5%-ஐயும் 90%-ஐயும் பிரிக்க அது போதும், இந்த நோய்க்குப் போதாது.

ஏன் போதாது? மேண்டில் செல் லிம்போமாவில் 30% என்பது ஒரு வரம்பு. வயது, உடல்நிலை, எல்டிஎச் (செல்கள் உடையும்போது ரத்தத்தில் ஏறும் என்சைம்), வெள்ளையணு எண்ணிக்கை நான்கையும் வைத்துப் போடும் மிப்பி மதிப்பெண்ணோடு, கேஐ-67 30%-ஐத் தொட்டதா இல்லையா என்பதையும் சேர்த்து நோயாளிகளை நான்கு பிரிவாகப் பிரிக்கிறார்கள். உங்கள் அப்பாவின் இரண்டு எண்களும் அந்த வரம்புக்கு இருபுறமும் விழுந்திருக்கின்றன. ஆகவே இதைச் சராசரி போட்டு 27.5 என்று விட்டுவிடக் கூடாது. லிம்போமா அதிகம் பார்க்கும் ஹீமட்டோபேத்தாலஜிஸ்ட் (ரத்த நோய்த் திசுக்களை ஆராயும் மருத்துவர்) ஒருவரிடம் இரண்டு லேபின் ஸ்லைடுகளையும் பிளாக்கையும் சேர்த்துக் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை செல் எண்ணினீர்கள், எந்தப் பகுதியில், எதையெல்லாம் ஒதுக்கினீர்கள்? கூடவே டிபி53 (கட்டி வளர்வதைத் தடுக்கும் மரபணு) பிறழ்வு பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். இந்த நோயில் அதன் கனம் கேஐ-67-க்குக் குறைந்ததல்ல.

கேள்வி: எங்கள் லேபில் நிணநீர்க்கணுவில் கேஐ-67 போட்டால் ஓரம் மட்டும் நன்றாகப் பழுப்பாகிறது, நடுவில் வெறும் நீலம். எலும்பு மஜ்ஜை பயாப்சியில் சில நாள் ஒன்றுமே வருவதில்லை. ஆன்டிபாடி பாட்டிலை மாற்றியும் பயனில்லை.
— ஹிஸ்டோபேத்தாலஜி டெக்னீஷியன், உதகமண்டலம்

பதில்: பாட்டிலைத் தொட வேண்டாம். ஓரம் பழுப்பு, நடு நீலம் என்றாலே கணு முழுசாக ஃபார்மலினில் போடப்பட்டது என்று அர்த்தம். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் இறங்கும். உள்ளே போகப் போக இன்னும் மெதுவாகும். கணுவைச் சுற்றியுள்ள உறையும் அதைத் தடுக்கும். கேஐ-67 புரதத்தின் அரை ஆயுள் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். 2 செ.மீ. கணுவின் நடுப்பகுதிக்கு ஃபார்மலின் போய்ச் சேர்வதற்குள் புரதம் சிதைந்துவிடுகிறது. அந்த நடுவில் இருந்து எண்ணினால் வேகமான லிம்போமாகூடச் சாதுவானதாகத் தெரியும்.

கணு கைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள், நீளவாட்டுக்குக் குறுக்காக 3 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, திசுவின் கனஅளவைப் போலப் பத்து மடங்கு 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போடுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு நாள் நல்லது. மூன்று நாளைத் தாண்ட வேண்டாம். பஃபர் இல்லாத பழைய ஃபார்மலினில் ஃபார்மிக் அமிலம் சேர்ந்துவிடும். செக்‌ஷனில் கறுப்புப் பொடிபோலப் படியும் பிக்மென்ட்டைப் பார்த்தால் முதல் சந்தேகம் அதன்மேல் இருக்கட்டும்.

செக்‌ஷன் 3 மைக்ரான். தடித்தால் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கருக்கள் விழுந்து எண்ணிக்கை கெடும். சார்ஜ்டு ஸ்லைடில் எடுத்து 60 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வைக்கவும். ஆன்டிஜென் மீட்புக்கு (ஃபார்மலின் மறைத்த புரதத்தைச் சூட்டால் திறப்பதற்கு) டிரிஸ்-இடிடிஏ, பிஹெச் 9, 95 முதல் 98 டிகிரியில் 20 நிமிடம். பிறகு அதே கரைசலில் 20 நிமிடம் ஆற விடவும். 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம், மிப்-1 ஆன்டிபாடி 30 நிமிடம், பாலிமர் 30 நிமிடம், டிஏபி (பழுப்பு நிறம் தருவது) 5 முதல் 10 நிமிடம், ஹீமட்டாக்சிலின் (நீல நிறம் தருவது) அரை நிமிடம். ஆன்டிபாடியின் நீர்ப்பு விகிதத்தை உங்கள் லேபிலேயே 1:50, 1:100, 1:200 என்று போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஹீமட்டாக்சிலினைக் கொஞ்சம் நேரம் அதிகம் விட்டால் வெளிர்ப் பழுப்பு உட்கருக்கள் நீலத்தில் மறைந்துவிடும். இது அடிக்கடி நடக்கும் தவறு, ஆனால் பலரும் ஆன்டிபாடியைத்தான் குறை சொல்வார்கள்.

உதகையிலிருந்து எழுதியிருப்பதால் இன்னொன்று. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். வாட்டர் பாத்தில் 98 என்று செட் செய்து வைத்திருந்தாலும் திரவம் அந்தச் சூட்டுக்குப் போகாது. கொதித்துக் குறையத்தான் செய்யும். பிரஷர் குக்கர் முறைக்கு மாறுங்கள். முழு அழுத்தம் வந்த பிறகு 2 முதல் 3 நிமிடம், ஸ்லைடுகள் முழுக்க கரைசலில் மூழ்கியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அதே ஸ்லைடில் ஒரு துண்டு டான்சில் வையுங்கள். ஜெர்மினல் சென்டரின் அடர்ந்த பாதி கிட்டத்தட்ட முழுக்கப் பழுப்பாகவும், அதைச் சுற்றிய மேண்டில் வளையத்துச் சிறு செல்கள் கிட்டத்தட்ட முழுக்க நீலமாகவும், மேல்தோலில் அடியடுக்கை ஒட்டி ஒரு பழுப்பு வரிசையாகவும் தெரிந்தால் ஸ்டெயின் சரி. வளையமும் பழுப்பாகியிருந்தால் ஆன்டிபாடி கெட்டி.

மஜ்ஜையில் ஒன்றுமே வராததற்குக் காரணம் பெரும்பாலும் எலும்பைக் கரைக்கும் அமிலம். நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் சில மணி நேரத்தில் எலும்பை மென்மையாக்கிவிடும். கேஐ-67-ஐயும், பிற்பாடு ஃபிஷ் அல்லது பிசிஆர் என்ற மரபணுப் பரிசோதனைகளுக்குத் தேவைப்படும் டிஎன்ஏ, ஆர்என்ஏவையும் சேர்த்து அழித்துவிடும். முதலில் ஃபார்மலினில் ஒழுங்காகப் பதப்படுத்தி, பிறகு நடுநிலை பிஹெச் உள்ள இடிடிஏயில் ஒன்றிரண்டு நாள் வைப்பதே நல்ல வழி. ரிப்போர்ட் ஒரு நாள் தள்ளும், தள்ளட்டும். மஜ்ஜை ஸ்லைடில் கட்டி செல்களைப் பார்ப்பதற்கு முன்னால் சிவப்பணுவின் தாய் செல்கள் கூட்டமாக இருக்கும் தீவுகளைப் பாருங்கள். சிறிய, வட்டமான, அடர்ந்த உட்கருக்கள் கொத்தாக இருக்கும். அவை இயல்பாகவே தீவிரமாகப் பிளவுபடுகிறவை. அவற்றிலேயே பழுப்பு இல்லையென்றால் அந்த ஸ்லைடு தோற்றுப்போனது. 0% என்று எழுதக் கூடாது. 'மதிப்பிட இயலவில்லை' என்றுதான் எழுத வேண்டும்.

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. வயிற்றில் கட்டி. பர்கிட் லிம்போமா (மிக வேகமாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய்), கேஐ-67 99% என்று ரிப்போர்ட். உடம்பில் 99% பரவிவிட்டதா?
— அக்கா, சேலம்

பதில்: இல்லை, அம்மா. இது பரவலின் அளவே அல்ல. கட்டிக்குள் உள்ள செல்களில் நூற்றுக்கு 99 பிளவுபடும் சுழற்சியில் இருக்கின்றன என்று மட்டும்தான் அது சொல்கிறது. பரவலை ஸ்கேன், மஜ்ஜை, முதுகுத்தண்டு நீர் ஆகிய பரிசோதனைகள்தான் சொல்லும்.

1958-இல் உகாண்டாவில் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் விவரித்த நோய் இது. இதில் கேஐ-67 ஏறக்குறைய 100% இருப்பதுதான் வழக்கம். குறைவாக வந்தால்தான் 'இது பர்கிட்தானா' என்று மருத்துவர்கள் திரும்பப் பார்ப்பார்கள். கட்டி ஒன்றிரண்டு நாளில் இரட்டிப்பாகக் கூடியது, அதனால் தாமதிக்க நேரமில்லை. ஆனால் கீமோ மருந்துகள் பிளவுபடும் செல்களைத்தான் அதிகம் தாக்கும். இந்த வயதில் தீவிர சிகிச்சையால் முழுக்கக் குணமாகிறவர்கள் மிக அதிகம்.

முதல் வாரத்தில் கவனம் வேறு இடத்தில் வேண்டும். கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் உடையும்போது யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட் ரத்தத்தில் ஏறி சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கலாம். அதற்காகவே கீமோவுக்கு முன்பே நிறைய குளுக்கோஸ்/சலைன் ஏற்றி, யூரிக் அமிலத்தைக் கட்டுப்படுத்தும் அல்லோப்யூரினால் அல்லது ரஸ்புரிகேஸ் கொடுப்பார்கள். ரஸ்புரிகேஸ் கொடுக்குமுன் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் என்சைம்) குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுத்த பிறகு யூரிக் அமிலத்துக்கு எடுக்கும் ரத்தம் ஐஸில்தான் லேபுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் மருந்து குழாய்க்குள்ளேயே யூரிக் அமிலத்தைக் கரைத்துக்கொண்டிருக்கும், ரிப்போர்ட் பொய்யாகக் குறைந்து வரும்.

கேள்வி: கேஐ-67-க்குப் பதிலாகப் பிசிஎன்ஏ (டிஎன்ஏ நகலெடுப்பில் உதவும் புரதம்) ஆன்டிபாடி பயன்படுத்தலாமா? எங்களிடம் இருப்பு இருக்கிறது. உயிருள்ள செல்லில் அளப்பதானால் பிஆர்டியுவா, ஈடியுவா?
— ஆய்வு மாணவர், வேலூர்

பதில்: ரிப்போர்ட்டுக்குப் பிசிஎன்ஏ வேண்டாம். அதன் அரை ஆயுள் 20 மணி நேரம் அளவில். செல் சுழற்சியை விட்டு வெளியேறிய பிறகும் பழுப்பாகவே தெரியும். டிஎன்ஏ பழுதுபார்ப்பிலும் அது ஈடுபடுவதால், பிளவுபடாத செல்லிலும் இருக்கும்.

கேஐ-67 'சுழற்சிக்குள் இருக்கிறதா' என்று மட்டுமே சொல்லும், எவ்வளவு நேரத்தில் ஒரு சுற்று முடிகிறது என்று சொல்லாது. அதற்குத்தான் பிஆர்டியுவும் ஈடியுவும். இரண்டும் தைமிடினைப் போன்ற வேதிப்பொருட்கள். டிஎன்ஏ நகலெடுக்கும் செல் மட்டும் இவற்றை எடுத்துக்கொள்ளும். பிஆர்டியுவைக் காண ஆன்டிபாடி உள்ளே போக வேண்டும். அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலோ டிஎன்ஏஸாலோ டிஎன்ஏ இழைகளைத் திறக்க வேண்டும், அதில் மேற்பரப்பு சிடி மார்க்கர்கள் பாழாகும். ஈடியுவுக்கு அது தேவையில்லை. 10 மைக்ரோமோலார், 37 டிகிரியில் 1 முதல் 2 மணி நேரம் போதும். ஆனால் அதோடு ஒளிர்சாயத்தை இணைக்கும் கிளிக் வினையில் தாமிரம் இருக்கிறது. பிஇ போன்ற புரத ஒளிர்சாயங்களை அது மங்கச் செய்யும். பிஇ ஒட்டிய ஆன்டிபாடியைக் கிளிக் வினை முடிந்த பிறகு போடுங்கள். மாதிரி அன்றே எடுத்ததாக இருக்கட்டும். ஒரு இரவு மேசையில் கிடந்த ரத்தத்தில் நகலெடுப்பு தணிந்திருக்கும்.

கேள்வி: எனக்கு சிஎம்எல் (நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்), அதற்கு இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறேன். பிசிஆர்-ஏபிஎல் 0.08% என்று வந்திருக்கிறது. செல்கள் 0.08% வேகத்தில்தான் பெருகுகின்றன என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: அது வேகம் அல்ல, மிச்சம். உங்கள் ரத்தத்தில் நோய் மரபணுவின் நகல்கள் எத்தனை, இயல்பான ஏபிஎல் நகல்கள் எத்தனை என்று எண்ணி, சர்வதேச அளவுகோலுக்கு மாற்றி எழுதிய விகிதம் அது. சிகிச்சையின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளும் நிலையான 100%-இலிருந்து ஆயிரம் மடங்கு குறைந்தால் 0.1%. நீங்கள் அதற்கும் கீழே வந்துவிட்டீர்கள், நல்ல நிலை. (நோய் மரபணுவின் பெயரும் பரிசோதனை முறையின் பெயரும் தமிழில் 'பிசிஆர்' என்றே எழுதப்படுவதால் ரிப்போர்ட்டில் குழம்ப வேண்டாம், இரண்டும் வேறு.)

அடுத்த முறை 0.08 என்பது 0.12 ஆக வந்தால் பதற வேண்டாம். அந்த அளவு ஏற்ற இறக்கம் பரிசோதனையிலேயே உண்டு. மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள். ஒரே லேபில் பாருங்கள். ரிப்போர்ட்டில் ஏபிஎல் நகல் எண்ணிக்கை 10,000-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் குறைந்தால் 'கண்டறியப்படவில்லை' என்ற வரிக்கு மதிப்பில்லை. முக்கியமாக, ஏறினால் மாத்திரை விட்டுப்போன நாட்களை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு சிஎல்எல் (நாட்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்). நான்கு மாதத்தில் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளையணு) 35,000-இலிருந்து 56,000 ஆகிவிட்டது. மருத்துவர் இன்னும் காத்திருப்போம் என்கிறார். பக்கத்து வீட்டில் இதே நோய்க்கு இப்ரூட்டினிப் மாத்திரை தொடங்கியவருக்கு எண்ணிக்கை மேலும் ஏறிவிட்டதாம். பயமாக இருக்கிறது.
— மகள், காரைக்குடி

பதில்: முதலில் கணக்கு. இரட்டிப்பாகும் காலம் என்பது இடைப்பட்ட நாட்களை 0.693-ஆல் பெருக்கி, இரண்டு எண்ணிக்கைகளின் விகிதத்தின் இயல் மடக்கையால் வகுத்தது. 56,000 வகுத்தல் 35,000 என்றால் 1.6, அதன் மடக்கை 0.47. 120 நாள் × 0.693 ÷ 0.47 = ஏறக்குறைய 177 நாள். ஆறு மாதத்துக்குள் இரட்டிப்பு என்பது சிகிச்சையைத் தொடங்கலாம் என்று யோசிக்க வைக்கும் வரம்புகளில் ஒன்று. அம்மா சரியாக விளிம்பில் நிற்கிறார்.

ஆனால் இரண்டு புள்ளி வைத்து கோடு போட்டால் எந்தப் பக்கமும் சாயும். இருமலோ காய்ச்சலோ இருந்த வாரத்தில் எடுத்த ரத்தம் ஒன்றே போதும் கணக்கைக் கெடுக்க. ஸ்டீராய்டு மாத்திரையும் ஏற்றிவிடும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று மாதம் எடுத்த எண்களைக் கோட்டில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. எண்ணிக்கை 30,000-க்குக் கீழிருந்து தொடங்கியிருந்தால் இரட்டிப்புக் காலத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கவே கூடாது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ், பெரிதாகிக்கொண்டே போகும் கட்டிகள், காரணமில்லாமல் ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவு, இரவில் உடுப்பு நனையும் வியர்வை: இவை இருந்தால் கதை வேறு. இல்லையென்றால் உங்கள் மருத்துவர் செய்வது சரி. லிம்போசைட் எண்ணிக்கை என்று ரிப்போர்ட்டில் தனியாகப் பாருங்கள், மொத்த வெள்ளையணு எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏறியது பெருக்கம் அல்ல, இடமாற்றம். சிஎல்எல் செல்கள் பிளவுபடுவது பெரும்பாலும் நிணநீர்க்கணுவிலும் மஜ்ஜையிலும். ரத்தத்தில் ஓடுபவை அனேகமாக ஓய்வில் இருப்பவை. இப்ரூட்டினிப் கணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களின் பிடியைத் தளர்த்தும். அவை ரத்தத்துக்குள் வந்து விழும். கழுத்திலும் அக்குளிலும் கட்டி சுருங்கிக்கொண்டே வர, ரத்தத்தில் எண்ணிக்கை ஏறும். சில வாரம், சிலருக்கு சில மாதம் நீடித்துப் பின் இறங்கும். இதை நோய் முற்றியதாக எண்ணி மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து.

சிஎல்எல் செல்கள் சாகாமல் சேர்ந்துகொண்டே போவது மட்டும்தான் நோய் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2005-இல் வெளியான ஆய்வில் நோயாளிகளுக்குக் கனநீர் குடிக்கக் கொடுத்து, புதிதாகப் பிறக்கும் செல்களின் டிஎன்ஏவில் சேரும் டியூட்டீரியத்தை அளந்தார்கள். தினமும் மொத்தக் கூட்டத்தில் 0.1%-இலிருந்து 1%-க்கும் மேல் வரை புதிதாகப் பிறக்கிறது என்று தெரிந்தது. உடலில் ஒரு லட்சம் கோடி செல் இருந்தால், குறைந்த அளவான 0.1% என்பதே ஒரு நாளைக்கு நூறு கோடி. பெருக்கம் இருக்கிறது, இறப்பும் கூடவே இருக்கிறது. ரத்த எண்ணிக்கை காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான்.

கேள்வி: ஸ்லைடு எண்ணுவதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றால், எம்கேஐ67 (கேஐ-67 புரதத்துக்கான) மரபணுவின் ஆர்என்ஏவை க்யூபிசிஆரில் (நகல்களைப் பெருக்கி அளக்கும் முறை) அளந்துவிடலாமே?
— மாலிக்யூலர் லேப், கோயம்புத்தூர்

பதில்: அளக்கலாம், ஆனால் எதிலிருந்து எடுத்த ஆர்என்ஏ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மஜ்ஜையை அப்படியே கரைத்து எடுத்தால் சிவப்பணு, வெள்ளையணுத் தாய் செல்களின் எம்கேஐ67 எல்லாம் கலந்து வரும். நோய் செல் 10% மட்டும் இருக்கும் மாதிரியில் நீங்கள் அளப்பது மற்ற 90%-ஐ. காந்த மணிகளால் பிரித்தெடுத்து, தூய்மையை ஃபுளோவில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் பார்த்து எண்ணும் கருவி) பார்த்துவிட்டுத்தான் ஆர்என்ஏ எடுக்க வேண்டும்.

ரத்தம் ஊதா மூடி இடிடிஏ குழாயில். பச்சை மூடி ஹெப்பாரின் வேண்டாம். ஹெப்பாரின் ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்து பாலிமரேஸை முடக்கும். முடக்கம் இருக்கிறதா என்று அறிய எளிய வழி: சிடிஎன்ஏவை (ஆர்என்ஏவிலிருந்து எடுத்த டிஎன்ஏ நகல்) பத்து மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். சிடி மதிப்பு (எத்தனையாவது சுற்றில் சிக்னல் தெரிகிறது என்ற எண்) சுமார் 3.3 ஏற வேண்டும். 2 மட்டுமே ஏறினால், அல்லது குறைந்தே போனால், மாதிரியில் தடைப்பொருள் இருக்கிறது.

ஒப்பீட்டு மரபணுவாக ஜிஏபிடிஎச்சைத் தேர்ந்தெடுப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. வேகமாகப் பெருகும் செல்லில் அதுவும் ஏறும். விகிதத்தில் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சேர்ந்து ஏறினால் வித்தியாசம் மறைந்துவிடும். ஏபிஎல்1, ஜியுஎஸ்பி, டிபிபி ஆகியவற்றில் இரண்டையாவது எடுங்கள். தரக்கோட்டின் சரிவு −3.1-க்கும் −3.6-க்கும் இடையில் இருக்க வேண்டும், −3.32 என்றால் சுற்றுக்குச் சுற்று சரியாக இரட்டிக்கிறது. பிளேட்டின் மூன்று கிணற்றில் (குழியில்) ஒரே மாதிரியை ஓட்டும்போது 0.5-க்கு மேல் விலகினால் திரும்ப ஓட்டவும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் என்சைம்) சேர்க்காத ஒரு கிணறு கட்டாயம். அதில் சிக்னல் வந்தால் நீங்கள் டிஎன்ஏவை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

கணக்கு இப்படி. நோயாளியில் எம்கேஐ67 26.0, ஏபிஎல்1 24.0, வித்தியாசம் 2. ஒப்பீட்டு மாதிரியில் 29.5, 24.5, வித்தியாசம் 5. இரண்டுக்கும் இடையே 3 சுற்று. 2-இன் 3-ஆம் அடுக்கு, அதாவது 8 மடங்கு. இந்த 8 மடங்கை 8 மடங்கு அதிக செல்கள் பிளவுபடுகின்றன என்று வாசிக்காதீர்கள். குறைந்த செல்களில் அதிக ஆர்என்ஏ இருந்தாலும் இதே எண் வரும். ஸ்லைடில் தெரியும் சதவீதத்துக்கு இது மாற்று அல்ல.

ஒற்றை மரபணுவைவிட கூட்டமாகப் பார்ப்பது உறுதியானது. மேண்டில் செல் லிம்போமாவில் 2003-இல் 20 மரபணுக்களின் பெருக்கக் கையொப்பத்தைக் காட்டினார்கள். உறையவைத்த திசு வேண்டியிருந்ததால் அது அன்றாடத்துக்கு வரவில்லை. 2017-இல் பாரஃபின் பிளாக்கிலிருந்தே 17 பெருக்க மரபணுக்களை, 18 ஒப்பீட்டு மரபணுக்களோடு அளக்கும் எம்சிஎல்35 வந்தது. ஒப்பீட்டுக்கு 18 வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: மைலோமாவில் (பிளாஸ்மா செல் புற்றுநோய்) கேஐ-67 20% என்று மஜ்ஜை ரிப்போர்ட். அதிகமா?
— முதுநிலை மருத்துவ மாணவி, மதுரை

பதில்: தனியாகப் போட்ட கேஐ-67 என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. பழுப்பான உட்கரு பிளாஸ்மா செல்லுடையதா, பக்கத்துச் சிவப்பணுத் தாயுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. பிளாஸ்மா செல்லை அடையாளம் காட்டும் சிடி138-ஐச் சிவப்பு நிறத்தில் செல்லின் ஓரத்துக்கும், கேஐ-67-ஐப் பழுப்பில் உட்கருவுக்கும் சேர்த்துப் போட்டு, சிவப்பு விளிம்புக்குள் பழுப்பு உள்ளவற்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். மைலோமா செல்கள் மெதுவானவை. நகலெடுக்கும் பிளாஸ்மா செல்களை மட்டும் பிஆர்டியுவால் எண்ணிய பழைய மேயோ கிளினிக் முறையில் 1% தொட்டாலே உயர்வு என்று கருதினார்கள்.

கேள்வி: பெரிய பி செல் லிம்போமா, கேஐ-67 60% மட்டுமே. செலவைக் குறைக்க, மிக் மரபணு இடம்மாறியதா என்று பார்க்கும் ஃபிஷ் பரிசோதனையை விட்டுவிடலாமா?
— பேத்தாலஜிஸ்ட், சென்னை

பதில்: விட வேண்டாம். மிக், பிசிஎல்2 என்ற இரண்டு மரபணுக்களும் இடம்மாறிய லிம்போமாக்களில் சிலவற்றில் கேஐ-67 60%-கூட வராது. 'வேகம் குறைவு, ஆகவே இருக்காது' என்ற ஊகம் இந்த இடத்தில் நோயாளியைத் தவறான சிகிச்சையில் தள்ளிவிடும். செலவைக் குறைக்க ஒரு வழி, எல்லோருக்கும் மிக் மட்டும் முதலில் பார்த்து, அது உடைந்திருந்தால் மட்டும் பிசிஎல்2-க்குப் போவது.

கேள்வி: பயாப்சி இல்லாமல் ரத்தத்திலேயே வேகத்தை அறிய முடியாதா?
— வாசகி, விருதுநகர்

பதில்: எல்டிஎச், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், தைமிடின் கைனேஸ் மூன்றும் உதவும், ஆனால் பக்கத்துணையாக மட்டும். ரத்தம் எடுக்கும்போது ஊசியில் செல்கள் உடைந்தாலே எல்டிஎச் ஏறிவிடும். சீரம் சிவந்திருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானால் பீட்டா-2 ஏறும். தைமிடின் கைனேஸ் நகலெடுக்கும் செல்லிலிருந்து கசிவது என்றாலும் வைரஸ் காய்ச்சலிலும் பி12 குறைபாட்டிலும் உயரும்.

கேள்வி: இரண்டாம் கருத்துக்கு வெளியூர் லேபுக்கு எதை அனுப்புவது? ஸ்லைடு போதுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: பிளாக்கையே கேளுங்கள். வெட்டி வைத்த ஸ்டெயின் போடாத ஸ்லைடுகளில் வாரங்கள் போகப் போக கேஐ-67 மங்கும். பிளாக் தர மறுத்தால், அனுப்பும் அன்று சார்ஜ்டு ஸ்லைடில் 3 மைக்ரானில் பத்து செக்‌ஷன் புதிதாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஸ்டெயின் போட்ட ஸ்லைடுகளையும் முதல் ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள். திசு ஃபார்மலினில் எத்தனை மணி நேரம் இருந்தது, எலும்பானால் எந்தக் கரைசலில் மென்மையாக்கினார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி அதோடு வைத்துவிடுங்கள். கோடையில் பேருந்துப் பார்சலில் போட வேண்டாம். சூட்டில் பாரஃபின் இளகும். கூரியரில், ஐஸ் பேக்கோடு, பிளாக்கைத் துணியில் சுற்றி நனையாதபடி அனுப்புங்கள்.